மேற்கு யன்னலுக்கு வெள்ளை

பகல் இரண்டு மணிக்குள் சுதாஜினி மின்சார மீற்றரை ஆறு தடவை பார்த்துவிட்டாள். பார்ப்பதால் அது ஓட்டத்தைக் குறைத்துவிடப் போவதில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் குசினிக்குப் போகும்போதும் திரும்பும்போதும் கண் சுவரிலிருந்த அந்தப் பெட்டிக்குத்தான் போனது. முன்னறையில் ஏசி இரைந்துகொண்டிருந்தது. அது ஓடினால் ஒரு பயம், நின்றால் அதைவிடப் பெரிய பயம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் அந்தச் சித்திரை மாதத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வீடு கனகராயன்குளத்தில், ஏ-ஒன்பது வீதியின் கிழக்குப் பக்கமாக இருந்தது. முன்னறையின் இரண்டு பெரிய கண்ணாடி யன்னல்களும் மேற்கே வீதியைப் பார்த்தபடி இருந்தன. கனடாவிலிருக்கும் மைத்துனன் அனோஜன்தான் வீடு கட்டக் காசு அனுப்பியவன். "பஸ்சில போறவன் திரும்பிப் பார்க்கோணும்" என்று அந்த யன்னல்களின் படத்தையும் அவனே அனுப்பிவைத்தான். பஸ்சில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார்கள். அவர்களோடு சேர்ந்து பின்னேர வெயிலும் திரும்பிப் பார்த்து, உள்ளே வந்து குடியேறிவிட்டது.

அந்த அறை அவளுடைய கணவன் பிரசாந்தனுடையது. யுத்தத்தின் கடைசிச் சண்டையில் ஒரு ஷெல் துண்டு அவன் முதுகுத்தண்டில் ஏறியது. நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. கைகள் இரண்டும் நன்றாக வேலை செய்தன. சக்கர நாற்காலியிலிருந்தபடியே பின்னேரங்களில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தான். நடக்க முடியாததை அவன் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டான். வெயிலைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அது அவனைக் கொன்றுவிடக்கூடியது. "இவருக்கு நெஞ்சுக்குக் கீழ வியர்க்காது, தங்கச்சி. சூடு வெளியேற வழியில்லை. அறை சூடானால் ஆளும் சூடாவார். கவனம்" என்று வவுனியா டொக்டர் சொன்ன நாளிலிருந்து, வெப்பமானி ஒன்று அவன் கட்டிலுக்கு மேலே தொங்கியது. அன்று இரண்டு மணிக்கு, ஏசி தொண்டை கிழிய ஓடியும், அது முப்பத்திரண்டு காட்டியது.

பக்கத்துக் காணிச் சுமித்திரா அந்த நேரம்தான் முருங்கைக்காய் கொண்டுவந்தாள். அவளுடைய பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். அவள் கிளிநொச்சிப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வருகிறாள். அறைக்குள் வந்தவள் நேரே போய் யன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"தோசைக்கல்லு மாதிரி சுடுதேக்கா. ஏசி என்னா செய்யும் பாவம். நீங்க ஒரு பக்கம் அடுப்ப எரிச்சுக்கிட்டு மறுபக்கம் விசிறி போடுறீங்க."

"யன்னலுக்குச் சீலை போட்டிருக்குத்தானே, சுமித்திரா."

"சீல உள்ளுக்கில்ல இருக்கு. வெயில் கண்ணாடிய தாண்டி உள்ள வந்த பொறகு சீல என்னா பண்ணும்? வெளியவே மறிக்கணும். எங்க வீடு தகரக் கூரை. மேக்குப் பக்கம் சாக்கு தச்சு, உள்ள அட்ட வச்சு வெளியால தொங்கவிட்ட பொறகுதான் எம்புள்ள மத்தியானம் தூங்குது."

வன்னிக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் சுதாஜினிக்கு எத்தனையோ புத்தி சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துச் சொன்னவள் இவள் ஒருத்திதான். அந்த வாரமே இருவரும் வேலையில் இறங்கினார்கள். மாங்குளத்து மீன் வியாபாரி தூக்கியெறிந்த ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பெட்டிகளை வாங்கிவந்து, தேசிக்காய் போட்டு மூன்று தரம் கழுவி, பலகை பலகையாக வெட்டினார்கள். மூன்று தரம் கழுவியும் ஊர்ப் பூனைகளை ஏமாற்ற முடியவில்லை. அவை முற்றத்தில் வந்து காத்திருந்தன. வெறும் பால்மாப் பைகளைப் பிரித்து, உள்ளேயிருக்கும் வெள்ளிப் பக்கம் தெரிய, பலகையில் ஒட்டினார்கள். வெள்ளிப் பக்கத்தை அப்படியே வெளியே விட்டால் வீதியில் வருகிற ஓட்டோக்காரனின் கண்ணில் அடிக்கும் என்று பிரசாந்தன் சொன்னான். ஆகவே மேலே துணி வேண்டும், அதுவும் வெயிலை வாங்காத வெளிர் துணியாக வேண்டும். வீட்டில் நிறைய இருந்தது மகள் சாரங்காவுக்குக் கட்டையாகிப்போன பள்ளிக்கூடச் சட்டைகள்தான். நாலு வருடத்துச் சட்டைகளைப் பிரித்துத் தைத்தபோது, யன்னலுக்கொன்றாக இரண்டு பெரிய வெள்ளை மறைப்புகள் வந்தன. காலையில் கொக்கியில் கொழுவி, பொழுதுபட்டதும் கழற்றிவிட்டால் இரவுக் காற்றும் வரும்.

கொழுவுவதற்கு முதல் நாள் மாங்குளத்திலிருந்து பத்மாசனி வந்தாள். பிரசாந்தனுக்கு மூத்தவள், தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். தையல் மெசினில் கிடந்ததைக் கண்டதும் அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"உதென்ன, சுதா?"

"வெயிலுக்கு, மச்சாள். வெளியால யன்னலுக்குக் கட்ட."

"வெள்ளையோ? கூரைக்குக் கீழயோ?" பத்மாசனி குரலைத் தாழ்த்தினாள், தம்பிக்குக் கேட்டுவிடக்கூடாதென்று. "செத்தவீட்டுக்கெல்லோ பிள்ளை வெள்ளை கட்டுறது. உயிரோட இருக்கிற என்ர தம்பிக்கு நீ வெள்ளை கட்டுறியோ?"

சுதாஜினிக்கு ஊசி விரலில் ஏறியதுபோல் இருந்தது. தைத்த நாலு நாளும் அவளுக்கு அது துணியாகத்தான் தெரிந்தது. இப்போது பார்த்தால் செத்தவீட்டுத் துணியாகத் தெரிந்தது. சண்டை நாட்களில் எத்தனை செத்தவீடுகளில், எத்தனை அவசரத்தில், கட்ட வெள்ளை கிடைக்காமல் ஒரு வெள்ளைச் சட்டையைக் கிழித்துக் கட்டியதையெல்லாம் பார்த்தவள் அவள்.

"உந்த யோசனை ஆர் சொன்னது? அந்தத் தோட்டத்துப் பெட்டையோ? அதுகளுக்கு எங்கட முறை தெரியுமே" என்று சொல்லிவிட்டுப் பத்மாசனி பஸ் ஏறினாள்.

மறைப்புகள் இரண்டும் கட்டிலுக்குக் கீழே போயின. சுமித்திரா கேட்டபோது, "வேற நிறம் போடுவம்" என்று மழுப்பினாள். இளமஞ்சள் சேலை ஒன்றைக் கிழிக்கலாமா, கடையில் வாங்கலாமா என்று யோசித்தபடியே பத்து நாள் போனது. உண்மையில் அவள் நிறத்தை யோசிக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். ஊரும் வெயிலும் இரண்டு பக்கமும் நின்று இழுக்க, அவள் ஊரின் பக்கம் சாய்ந்துவிட்டாள். வெயில் பேசாது, ஊர் பேசும் என்பதுதான் காரணம்.

புதன்கிழமை பகல் ஒரு மணிக்குக் கரண்ட் போனது. ஏசி அடங்கியது. அரை மணித்தியாலத்தில் வெப்பமானி முப்பத்தாறைத் தொட்டது. ஈரத் துவாயுடன் அவள் உள்ளே போனபோது பிரசாந்தனின் முகம் சிவந்து, கண் எங்கோ நிலைகுத்தி நின்றது.

"சாரங்கா பள்ளிக்கூடத்தால வந்திட்டாளோ?"

"இன்னும் இல்லையப்பா. இரண்டு மணியாகும்."

"சாரங்கா பள்ளிக்கூடத்தால வந்திட்டாளோ?"

அவள் மறுபடி சொன்னாள். அவன் மறுபடி அதையே கேட்டான். ஐந்தாம் தடவை அவளைப் பார்த்து, "நீங்கள் ஆர்?" என்று மரியாதையாகக் கேட்டான். பதினைந்து வருடம் அவனைத் தூக்கி, குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்தவள் அவள். அவள் போட்ட சத்தத்துக்கு, அன்று வேலை லீவாக இருந்த சுமித்திரா வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். ஒருத்தி துவாயை நனைத்து நனைத்துப் போட, மற்றவள் ஒரு மட்டையால் விசிறினாள். கடையிலிருந்து ஐஸ் வந்தது. ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் அவன் கண் தெளிந்தது.

"நான் ஏதும் பிழையாக் கதைச்சனானோ, சுதா?"

"இல்லை" என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குப் போய் அழுதாள்.

அடுத்த நாள் விடியவே கட்டிலுக்குக் கீழே இருந்ததை இழுத்தெடுத்தாள். சுமித்திரா ஸ்ரூலில் ஏறி, கூரையோரத்தில் கொக்கி அடித்து இரண்டையும் கொழுவினாள். கண்ணாடிக்கும் மறைப்புக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி விட்டார்கள், சூடு தங்காமல் மேலே போவதற்காக. அன்று மத்தியானம் வரை ஏசி போடாமலே அறை இருபத்தொன்பதில் நின்றது. பின்னேரம் பிள்ளைகள் ரியூசனுக்கு வந்தபோது ஏசியைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் தானாக அடங்கியது. அது பழுதாகிவிட்டதென்று சுதாஜினி பதறி ஓடினாள். "பழுதில்லை. குளிர்ந்திட்டுது, அதுதான் ஓய்ந்து நிக்குது" என்று பிரசாந்தன் சிரித்தான். அந்த ஏசி ஓய்ந்து நிற்பதை அவள் வாங்கிய நாளிலிருந்து கேட்டதில்லை.

ஆனாலும் மனம் ஆறவில்லை. வெள்ளிக்கிழமை, முன்பின் தெரியாத ஒருவர் அவர்கள் வாசல் படலைக்கு முன்னால் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார், செத்தவீட்டைக் கடக்கும்போது செய்வதுபோல. அவள் திரும்பிக்கொண்டாள். மீற்றர் மெதுவாக ஓடுகிறது, அது போதும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பிரசாந்தனின் மருந்துக்கும் சிறுநீர் சேர்க்கும் பைகளுக்கும் அவள் வவுனியா கிளினிக்குக்குப் போகவேண்டியிருந்தது. சாரங்காவைப் பள்ளிக்கு அனுப்பி, தண்ணீர்ப் போத்தலைக் கைக்கெட்ட வைத்து, அவனைக் கட்டிலில் வசதியாகப் படுக்கவைத்துவிட்டு ஏழரை பஸ் எடுத்தாள். அரைநாள் வேலை முடிந்ததும் வந்து பார்ப்பதாகச் சுமித்திரா சொல்லியிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு, வரிசையில் நிற்கும்போது, போன் அடித்தது. பத்மாசனி.

"சுதா... என்ர தம்பி எங்களை விட்டுப் போட்டானே... எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டியேடி..."

அதற்குப் பிறகு அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டது. சுதாஜினி பிரசாந்தனுக்குப் போன் எடுத்தாள். அடித்தது, அடித்தது, எவரும் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தாள். ஏழு தடவை எடுத்தாள். சுமித்திராவின் போன் நின்றிருந்தது, தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அந்த நேரம் அனோஜனிடமிருந்து ஒரு படம் வந்தது. பிரசாந்தனின் கலியாணப் படத்தில் அவளை வெட்டிவிட்டு, ஓரத்தில் விளக்கு வைத்து, "கண்ணீர் அஞ்சலி" என்று எழுதியிருந்தது.

அவள் மருந்துச் சீட்டையும் விட்டுவிட்டு ஓடினாள். யாழ்ப்பாணம் போகும் பஸ்சில் நின்றபடி மறுபடியும் மறுபடியும் எடுத்தாள். ஓமந்தை தாண்டுவதற்குள் பற்றறி செத்தது. கண்டக்டர் தன் நண்பனிடம், காலையிலிருந்து இந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தான். அதைக் கேட்டதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. கரண்ட் இல்லை, ஏசி இல்லை. யன்னலையும் அடைத்துவிட்டு வந்திருக்கிறாள். காற்றில்லாமல், சூட்டில், "நீங்கள் ஆர்?" என்று கேட்கக்கூட ஆளில்லாமல் போய்விட்டான். மச்சாள் சொன்னாவே. நான் கேட்கவில்லையே. உயிரோடு இருந்தவனுக்கு என் கையாலேயே வெள்ளை தைத்தேனே. பக்கத்தில் நின்ற பெண் தண்ணீர் நீட்டியபோது அதை வாங்கவும் அவளால் முடியவில்லை.

வீட்டுக்கு முன்னால் இறங்கினாள். படலையடியில் இருபது பேர் வரையில் நின்றார்கள். கதிரை வாடகைக்கு விடும் சுமன் அப்போதுதான் வந்து, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலிருந்து பிளாஸ்ரிக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தான். யன்னலடியில் ஸ்ரூலில் ஏறி நின்று, தலைமயிர் குலைய, பத்மாசனி வெள்ளை மறைப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று ஏற்கெனவே நிலத்தில் கிடந்தது. வழி விட்டு விலகியவர்களின் முகங்களில் என்ன இருந்ததென்று அவள் பார்க்கவில்லை.

"அக்கா, கழட்டினதைத் திருப்பிக் கொழுவுங்கோ" என்று உள்ளேயிருந்து பிரசாந்தனின் குரல் கேட்டது. "வெயில் நேர முகத்தில அடிக்குது."

சுதாஜினி நின்ற இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்தாள், ஓடினாள். அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான், கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. நெற்றியைத் தொட்டாள். சூடில்லை. உணர்வு உள்ள இடமாகப் பார்த்து, தோளில் பலமாக ஒரு அடி போட்டாள்.

"ஏன் போன் எடுக்கேல்லை?"

"சத்தத்தைக் குறைச்சுப்போட்டுப் படுத்தனான். இருட்டாக் குளிராக் கிடந்தது, நித்திரை வந்திட்டுது. பகலில நித்திரை கொண்டு எத்தனை நாள், சுதா. அக்கா வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுக் குழறேக்கதான் முழிச்சனான். அவவுக்கு நான் எழும்பினது இன்னும் பயம்."

நடந்தது இவ்வளவுதான். பத்மாசனியின் மகன் செந்தூரன் பதினொன்றரை பஸ்சில் போகும்போது மாமன் வீட்டில் வெள்ளை கட்டியிருப்பதைக் கண்டான். பஸ் நிற்கவில்லை, அவன் கை நின்றுவிடவில்லை. தாய்க்குப் போன் அடித்தான், கனடாவுக்கு அடித்தான். கனகராயன்குளத்தில் கட்டிய துணியைத் தட்டிப் பார்க்காமலே கனடாவில் விளக்கு ஏற்றிவிட்டார்கள்.

பத்மாசனி உள்ளே வந்தாள். பயமும் வெட்கமும் அவளிடம் கோபமாக மாறியிருந்தன. "நான் அண்டைக்கே சொன்னனான். அபசகுனம் பிடிச்ச வேலை. ஊர் முழுக்கச் சிரிக்கப்போகுது. எல்லாம் அவளின்ர..." அந்த நேரம் வேலையால் வந்த சுமித்திரா வாசலில் நின்றாள். அவள் தலையைக் குனியவில்லை. "நாந்தான் கட்டுனேன். குத்தம்னா என்னய சொல்லுங்க, அக்காவ ஏசாதீங்க" என்றாள்.

"பிழை என்னிலதான், மச்சாள்" என்றாள் சுதாஜினி. அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நீங்கள் சொன்னதைக் கேட்டு உதைப் பத்து நாள் கட்டிலுக்குக் கீழ வைச்சனான். போன புதன் கரண்ட் போனது. இவர் என்னைப் பார்த்து ஆரெண்டு கேட்டவர். இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் நீங்கள் இண்டைக்கு வந்தது சரியா இருந்திருக்கும். அண்டைக்கு விசிறினவள் இவள்தான்."

பத்மாசனிக்கு இது தெரியாது. அவள் தம்பியைப் பார்த்தாள். பிரசாந்தன் வெப்பமானியைக் காட்டினான். "இண்டைக்கு விடியத் தொடக்கம் கரண்ட் இல்லை, அக்கா. ஏசி ஓடேல்லை. நீங்கள் வரேக்க இருபத்தொன்பது. ஒண்டைக் கழட்டி அரை மணித்தியாலம் ஆகேல்லை, இப்ப முப்பத்திரண்டு. கணக்கை நீங்களே போடுங்கோ."

பத்மாசனி யன்னலடிக்குப் போனாள். வெறுமையாகக் கிடந்த கண்ணாடியில் கையை வைத்து, உடனே எடுத்தாள். மறைப்பிருந்த மற்றக் கண்ணாடியில் வைத்தாள். அந்தக் கை அங்கேயே நெடுநேரம் இருந்தது.

வாசலில் கதிரையுடன் நின்ற சுமன் எட்டிப் பார்த்தான். "அண்ணை, பில்லும் குறையுமோ?"

"நாலு நாளா ஏசி ஓடினது, முந்தி ஒரு நாள் ஓடினதை விடக் குறைவு" என்றான் பிரசாந்தன். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினான். "நான் செத்துப்போனன் எண்டவுடன கதிரை வந்திட்டுது, ஊர் வந்திட்டுது, கனடாவும் வந்திட்டுது. உயிரோட வேகேக்க வந்தது இரண்டு பேர். செத்தவனுக்குக் கட்டினால் மரியாதை, இருக்கிறவனுக்குக் கட்டினால் அபசகுனமோ, அக்கா?"

பத்மாசனி திரும்பி நடந்தாள். வெளியே போய், நிலத்தில் கிடந்த மறைப்பை எடுத்து மண்ணைத் தட்டினாள். கிழிந்த ஓரத்தைப் பார்த்து, சுமித்திராவிடம், "பிள்ளை, இதைத் தைக்கலாமோ?" என்று கேட்டாள். அந்தப் 'பிள்ளை' எல்லோருக்கும் கேட்டது. சுமித்திரா மறு நுனியைப் பிடிக்க, பத்மாசனியே ஸ்ரூலில் ஏறிக் கொக்கியில் கொழுவினாள். ஸ்ரூலில் நின்றபடியே படலைப் பக்கம் திரும்பினாள்.

"இஞ்ச ஒருத்தரும் சாகேல்லை. இது வெயிலுக்குக் கட்டினது. ஊர் என்ன சொல்லுமெண்டு பார்த்து நான்தான் என்ர தம்பியைச் சாகக்குடுக்கப் பார்த்தனான். நிண்டு பார்த்துக்கொண்டிராமல் போய் உங்கட உங்கட வீட்டு மேற்கு யன்னலுக்கும் கட்டுங்கோ. ஆள் போன பிறகு கட்டிற வெள்ளை ஒருத்தரையும் குளிரப்பண்ணாது."